தோற்பதற்கென்று ஒரு கவர்

தம்பி, பேனா இருக்கிறதா? நீல மையா, கறுப்பா? எதுவானாலும் சரி, சிவப்பு மட்டும் ஆகாது. சிவப்பில் எழுதினால் டெண்டர் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். கொடுங்கள். இப்போதே எழுதப் போவதில்லை, கையில் இருக்கட்டும்.

டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார் பாருங்கள். இனி அரை மணி நேரத்துக்கு பஸ் அசையாது. முன்னால் லாரி, மினி பஸ், கல்யாண வேன், வைக்கோல் டிராக்டர், எல்லாம் வரிசையில் நிற்கிறது. எதற்காக என்கிறீர்களா? அதோ அந்தக் கருவேல மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம் தெரிகிறதே, கைப்பிடிச் சுவரில் ஒரு ஆடு ஏறிப் படுத்திருக்கிறதே, அதைக் கடப்பதற்குத்தான். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். மெயின் ரோட்டுப் பாலம் போன மழையில் உட்கார்ந்துவிட்டது. ரயில்வே கேட்டுப் பக்கம் இருந்தது அதற்கு முந்தின மழையில் போயிற்று. இப்போது சுற்றிப் போகாமல் பண்ணைப்பேட்டைக்குள் நுழைய வேண்டுமென்றால் மாப்பிள்ளையானாலும் பிணமானாலும் இந்த வழிதான்.

அந்தப் பாலத்தைக் கட்டியவன் நான்.

சிரியுங்கள், பரவாயில்லை. அடுத்ததைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். அதை இடிப்பதற்கு இன்று மூன்று மணிக்குள் டெண்டர் போட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கவரோடு போய்க்கொண்டிருக்கிறேன். மணி என்ன, ஒன்றே முக்காலா? இருக்கிறது, நேரம் இருக்கிறது.

என் பெயர் புன்னைவனம். பண்ணைப்பேட்டை நகராட்சியில் பதிவு செய்த நான்காம் நிலை ஒப்பந்ததாரர். ஒப்பந்ததாரர் என்றவுடன் ரோடு போடுகிறவன், சாக்கடை கட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். என் தொழில் தோற்பது.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஏழு காண்ட்ராக்டர்கள். ஒரு வேலைக்கு டெண்டர் வந்தால் ஏழு பேரும் கயிலாசம் அண்ணாச்சியின் அரிசி மண்டி மாடியில் கூடுவோம். என்னைவிட மூன்று வயது சின்னவர், இருந்தாலும் அண்ணாச்சிதான். அவரைப் பெற்ற அப்பாவே கடைசிக் காலத்தில் "அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டுத்தான் உயிரை விட்டார். மாடியில் வெற்றிலைத் தட்டில் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ வேலை அவருக்கு. மற்றவர்கள் அவரைவிடக் கூட்டி எழுதி ஆளுக்கொரு கவர் போட வேண்டும். போட்டி நடந்த மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? எவ்வளவு கூட்டி எழுத வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கையில் கொடுப்பார். அதைப் பார்த்து எழுதிவிட்டு, சீட்டைத் தின்றுவிட வேண்டும். மற்றவர்கள் கிழித்துத்தான் போடுவார்கள். நான் தின்றுவிடுவேன். தொழில் என்று வந்துவிட்டால் சுத்தம் வேண்டும்.

குலுக்கலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். வேலை எடுத்தால் வெயிலில் நிற்க வேண்டும், மணல்காரனோடு மல்லுக்கட்ட வேண்டும். எனக்கெதற்கு? துணைக் கவர் போட்டால் மத்தியானம் சாப்பாடு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, கைச்செலவுக்கும் ஏதோ. முப்பது வருஷம் ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு டெண்டரில் தோற்றிருக்கிறேன் தம்பி, ஒன்றில்கூட ஜெயித்தது கிடையாது. ஒருமுறை செத்துப்போனவரிடமே தோற்றேன். காலையில் கவர் போட்டுவிட்டு மத்தியானம் மண்டையைப் போட்டுவிட்டார், பாவம். மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தால் ஜெயித்தது அவர்!

தோற்பது லேசு என்று எண்ண வேண்டாம். ரொம்பக் கூட்டி எழுதினால் நாடகம் என்று தெரிந்துவிடும். நான் எழுதினால் ஆணையரே உச்சுக்கொட்டுவார். "ஐயோ பாவம், இந்தப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் மயிரிழையில விட்டுர்றாரே!"

இப்படி ஒழுங்காகத் தோற்றுக்கொண்டிருந்தவனை ஜெயிக்க வைத்து நாசமாக்கினான் ஒருவன். அண்ணாச்சியின் மருமகன், பிரபு.

பதினோரு வருஷம் ஆயிற்று. பதினேழாவது வார்டு ஓடையில் சிறுபாலம் கட்டும் வேலை. சீட்டுக் குலுக்கியதில் பிரபு பெயர் வந்தது. வராமல் என்ன செய்யும்? தட்டில் இருந்த சீட்டு அத்தனையிலும் அந்தப் பெயர்தான். கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாசம். எந்நேரமும் கூலிங்கிளாஸ். அவன் மனைவி அவன் கண்ணை அதுவரை பார்த்திருக்கவில்லை என்று ஊருக்குள் பேச்சு.

எங்கள் நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் இரண்டு தகரப் பெட்டிகள் உண்டு. வலது பக்கம் டெண்டர் பெட்டி, இடது பக்கம் புகார்ப் பெட்டி. இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட், ஒரே அளவு வாய். டெண்டர் பெட்டியின் வாய் மட்டும் கவர் உரசி உரசிப் பளபளவென்று இருக்கும். புகார்ப் பெட்டியில் யாரும் எதையும் போடுவதில்லை. சாவி தொலைந்து இருபது வருஷம் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரியுமா?

மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியைத் திறந்தார்கள். பிரபு கவர் இல்லை. எல்லாவற்றிலும் குறைந்த தொகை யாருடையது என்று பார்த்து இன்ஜினியர் சத்தமாக வாசித்தார்: "எஸ். புன்னைவனம்."

நான் யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அண்ணாச்சி மருமகனை வராந்தா மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். "மாப்ள, கவர எங்க போட்டீரு?"

"பெட்டியிலதான் மாமா."

"எந்தப் பெட்டி?"

"பச்சப் பெட்டி."

"ரெண்டும் பச்சதான்யா! எந்தப் பக்கம்?"

அவன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு இடது பக்கம் கையைக் காட்டினான். அன்றைக்குத்தான் ஊர் அவன் கண்ணைப் பார்த்தது.

அண்ணாச்சி நேராக ஆணையரிடம் போனார். பெட்டியை உடைத்துக் கவரை எடுக்க வேண்டும் என்றார். ஆணையர் நல்ல மனுஷன், பொறுமையாகத்தான் சொன்னார். "உடைக்கலாம் அண்ணாச்சி. ஆனா உடைச்சா உள்ள இருக்கிற புகாரையும் வெளிய எடுக்கணும். எடுத்தா பதிவு பண்ணணும். பதிவு பண்ணினா விசாரிக்கணும். இருபது வருஷத்துப் புகார். அதுல பாதி உங்க ரோட்டப் பத்தித்தான் இருக்கும். உடைக்கச் சொல்லட்டுமா?"

அண்ணாச்சி கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மன்றக் கூட்டத்தில் தள்ளுபடி செய்துவிடலாம் என்று ஒரு கவுன்சிலரை ஏற்பாடு செய்தார். எங்கள் மன்றக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு நாற்பத்தாறு பொருள். தலைவர் மைக்கைத் தட்டி, "பொருள் ஒன்று முதல் நாற்பத்தாறு வரை மன்றத்தின் பார்வைக்கு" என்பார். உடனே கவுன்சிலர் எல்லோரும் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்!" அவ்வளவுதான். வடை சூடாக வந்திறங்கும். எனக்குத் தெரிந்து உளுந்தவடை ஆறிப்போன கூட்டம் ஒன்றுகூடக் கிடையாது. எதிர்த்துப் பேச வேண்டிய கவுன்சிலர் போன் வந்து வெளியே போனார். "இதோ வாரேன், இதோ வாரேன்" என்று திரும்பி வருவதற்குள் பாலம் எனக்கு வந்துவிட்டது, வடையும் தீர்ந்துவிட்டது. அந்த வடையைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவார்.

அண்ணாச்சி என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வேலையை உள்வேலையாகப் பிரபுவிடம் விட்டுவிட வேண்டும், நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். எனக்குச் சம்மதம்தான். வேலை செய்ய எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் அதற்குள் தபாலில் ஒரு காகிதம் வந்துவிட்டது. "திரு. எஸ். புன்னைவனம், ஒப்பந்ததாரர் அவர்களுக்கு. தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது." முப்பது வருஷமாக எனக்கு வந்ததெல்லாம் "ஏற்கப்படவில்லை." அதையெல்லாம் கோமு, அதாவது என் வீட்டுக்காரி, இட்லிக் கொப்பரைக்கு அடியில் எரித்துவிடுவாள். இதை வாங்கி மூன்று தரம் வாசித்தாள். பிறகு முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

"பொறந்ததுக்கு ஒரு வேலை வந்துருக்கு. இதையும் எவனுக்காவது குடுத்துட்டு வந்தீங்கன்னா, அப்படியே அங்கனயே இருந்துக்கோங்க. படியேறாதீங்க" என்றாள்.

அவளுக்குப் பயந்துதான் கட்டினேன். வேறு எந்த ஆசையும் எனக்குக் கிடையாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சூசை என்று ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். எஸ்டிமேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "கம்பி ஆறு அங்குலத்துக்கு ஒண்ணு" என்று வாசித்தேன். அவன் பீடி பற்ற வைத்தான்.

"அது சரி மொதலாளி. நாம எவ்வளவுக்கு ஒண்ணு கட்டணும்?"

"ஆறு அங்குலத்துக்கு ஒண்ணு."

"ஆறுன்னு எழுதியிருந்தா ஒரு அடின்னு அர்த்தம்லா? சிமெண்டு ஒரு பங்குன்னு இருந்தா அரைப் பங்கு. இருபது வருசமா இப்படித்தான போடுதோம்."

எனக்கு எப்படித் தெரியும்? வேலை செய்த காண்ட்ராக்டருக்குத்தானே எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரியும்? குறைப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும் தம்பி. தெரியாத்தனமாக ஒரு கம்பியை விட்டு, அதுதான் பாலத்தைத் தாங்குகிற கம்பியாக இருந்தால்? பயத்தில் சொன்னேன்: "சூச, எழுதியிருக்கிறபடியே போட்டுருவோம். ஒரு அங்குலம்கூட மாற வேண்டாம்."

அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். கோயிலுக்குள் வந்த மாதிரித் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து பாலம் முடிகிறவரை அவன் பீடி குடித்து நான் பார்க்கவில்லை.

காரை இறுக இருபத்தொரு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் மூன்று நாள்தான் வழக்கம், அதுவும் மழை பெய்தால். நான் இருபத்தொரு நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஊற்றினேன். பாசமா? ஒரு பாசமும் இல்லை. வீட்டில் கோமு எண்ணெய்ப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தாள், புகை எனக்கு ஆகாது. இருபத்தொரு நாளுமா என்றால், ஆமாம், இருபத்தொரு நாளும் போட்டாள். என்னை விடாமல் குடைகிறீர்களே!

அளவெடுக்க வந்த ஓவர்சியர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று ஒரு நாதம். கோயில் மணி என்று நினைத்துத் தெருவில் இரண்டு அம்மாமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுத்தியல் தெறித்துப் போய் அடுத்த வார்டில் விழுந்தது. அந்த வார்டு கவுன்சிலர் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

திறப்பு விழாக் கல்வெட்டில் தலைவர், துணைத் தலைவர், இருபத்துநாலு கவுன்சிலர்கள், ஆணையர், மேலாளர் வரைக்கும் பெயர் வெட்டினார்கள். காண்ட்ராக்டர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஈரக் காரையில் என் குடை நுனி ஊன்றி ஒரு குழி விழுந்திருந்தது. சூசை பூசப் போனான். இருக்கட்டும் விடு என்றேன்.

வினை அதற்குப் பிறகுதான். அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஊரில் ஒன்பது பாலத்தில் ஓட்டை. ஒன்பதுக்கும் மராமத்து டெண்டர். பதினேழாவது வார்டில் ஒன்றுமில்லை. மறு வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷம் என்னை மண்டி மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

"ஓய் புன்னைவனம்," என்றார் அண்ணாச்சி, "ஒரு பாலம்னா வருசத்துக்கு ஒருக்க ஒரு கல்லாவது விழ வேண்டாமா? அந்த வார்டுல ஒரு மராமத்து உண்டா? ஒரு ஒட்டுவேலை உண்டா? எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீரே. இப்ப மத்த வார்டுக்காரனும் 'அதே மாதிரி கட்டு'ன்னு கேக்கான்."

"வேணும்னு செய்யல அண்ணாச்சி. எழுதியிருந்ததப் பாத்துப் போட்டுட்டேன்."

"எழுதியிருந்தா போட்டுருவீரா? இத்தன வருசம் எங்ககூட இருந்து என்னத்தப் படிச்சீரு?"

அத்தோடு என்னை விலக்கிவிட்டார்கள். துணைக் கவர் கிடையாது, சாப்பாடு கிடையாது, வேட்டி கிடையாது. ஆயுசில் ஒரே ஒரு தடவை வேலை செய்தேன், பிழைப்பே போய்விட்டது. இப்படி ஒரு அநியாயத்தை எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

வண்டி நகருகிறதா? இல்லை, பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான். மணி இரண்டா? சரி, சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

போன மாசம் புதிதாக வந்த இன்ஜினியர் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பக்கம். மற்ற பாலங்களுக்கெல்லாம் மராமத்து, மறு மராமத்து என்று பக்கம் நிறைந்து தாள் ஒட்டியிருக்கிறது. என் பாலத்தின் பக்கம் மட்டும் பதினோரு வருஷமாக வெள்ளைத்தாள். அவர் என்ன செய்தார்? வெளியே வந்து பாலத்தை ஒரு கண் பார்த்தாரா? அதுதான் இல்லை. "பதினோரு ஆண்டுகளாக எவ்விதப் பராமரிப்பும் செய்யப்படாமையால் மிகவும் அபாயகரமான நிலையில் உள்ளது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்" என்று எழுதிவிட்டார். கூட்டத்தில் அது நாற்பத்து மூன்றாவது பொருள். ஆல் பாஸ். மேசை தட்டிய கவுன்சிலர்களில் பாதிப் பேர் அன்று காலையில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் கூட்டத்துக்கே வந்திருந்தார்கள்.

போன வியாழக்கிழமை அண்ணாச்சியே என் வீட்டுக்கு வந்தார். பெரிய வேலையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் போட வேண்டும், சின்ன வேலைக்குத்தான் பெட்டி. பெட்டிக்குக் கவர் போடுகிற பழைய ஆட்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் பெட்டிப் பக்கமே வருவதில்லை. மூன்று கவராவது விழாவிட்டால் தணிக்கைக்காரன் கேள்வி கேட்பான். அவருக்கு ஒன்று, பிரபுவுக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஆள் வேண்டும்.

"பழசெல்லாம் போகட்டும் ஓய். ஒரே ஒரு கவர். போட்டீருன்னா மறுபடி மண்டிக்கு வாரும். சாப்பாடு, வேட்டி, எல்லாம் முன்ன மாதிரி. தோக்கதுல உம்ம மாதிரி ஒரு ஆளு இனிமே பொறக்கணும்யா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் திறமையை ஒரு ஆள் சொல்கிறாரே.

"எந்த வேலைக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

சொன்னார்.

கோமு அவருக்குக் காப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். உப்பு. அவள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய காகிதத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. காலையில் நான் குடையை எடுத்தபோது மட்டும், "இருபத்தொரு நாள் ஊத்துன தண்ணி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கு என்ன புரியும்?

இதோ அண்ணாச்சி கொடுத்த சீட்டு. இன்னும் தின்னவில்லை. பாருங்கள், எவ்வளவு அழகாகத் தொகை எழுதியிருக்கிறார். இதை அப்படியே எழுதிப் போட்டால் நான் தோற்பேன், நாளையே மண்டியில் இலை போட்டுச் சாப்பாடு. பாலமா? இருந்தால் என்ன, போனால் என்ன? இடித்தால் புதிதாகக் கட்டி முடிக்க இரண்டு வருஷம் இழுப்பார்கள், அதுவரை இந்த வண்டியெல்லாம் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகட்டுமே. எனக்கென்ன? நேற்று மட்டும் முந்நூற்று நாற்பத்தொரு வண்டி இதன்மேல் போயிற்று. எப்படித் தெரியும் என்றால், சும்மா, மரத்தடியில் காற்று வாங்க வந்தேன், கண்ணில் பட்டதை எண்ணினேன்.

ஆனால் ஒன்று தம்பி. முப்பது வருஷம் நான் தின்ற சீட்டு அத்தனையிலும் ஒரே கணக்குத்தான். ஜெயிக்க வேண்டியவர் போடுகிற தொகைக்கு மேல் நூற்றுக்கு இரண்டு கூட்டி அண்ணாச்சி எனக்கு எழுதுவார். அதில் மாற்றமே கிடையாது. அப்படியானால் ஜெயிக்கப்போகிற கவரில் என்ன தொகை இருக்கும் என்பது இந்தச் சீட்டிலிருந்தே எனக்குத் தெரியும் இல்லையா? அதற்கு ஒரு ரூபாய் கீழே...

பலகை மாதிரி ஏதாவது கொடுங்கள். அந்த மஞ்சள் பை போதும். ஆ, எண்ணால் எழுதியாயிற்று. எழுத்தாலும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள். "ரூபாய்... மட்டும்." முடிந்தது. நக்கி ஒட்டிவிட்டேன்.

ஜெயித்து என்ன செய்வீர்கள் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஒன்றும் செய்ய மாட்டேன். இடிக்கிற வேலை என் கையில், நான் இடிக்க மாட்டேன். ஆறு மாசம் கெடு கொடுப்பார்கள். முடிந்ததும் முதுகுவலி என்று கால நீட்டிப்புக் கேட்டு ஒரு மனு. கூட்டத்தில் ஆல் பாஸ். அடுத்த ஆறு மாசத்தில் மணல் கிடைக்கவில்லை என்று இன்னொன்று. ஆல் பாஸ். வேலை செய்யாமல் இருப்பதில் எனக்கு நாற்பது வருஷ அனுபவம் இருக்கிறது. வயசு எழுபத்து நாலு. இன்னும் முப்பது வருஷத்துக்காவது என்னால் இழுக்க முடியும்.

சரி, இந்த வரிசையை நம்பி உட்கார்ந்தால் என் பாலமே எனக்குக் கெடுதல் செய்துவிடும். நடக்கிறேன், இங்கிருந்து ஆபீஸ் அரை மணிதான். வலது பக்கப் பெட்டி, வலது பக்கப் பெட்டி. நினைவிருக்கிறது.

இந்தச் சீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பல் இல்லை, தின்ன முடியவில்லை. இந்த பஸ் நகராட்சி ஆபீஸ் வாசலில்தான் நிற்கும், வராந்தாவில் இடது பக்கத்துப் பச்சைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான். பாலத்தில் ஏறும்போது வலது பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு குழி தெரியும். இந்தக் குடை நுனி அதில் சரியாக நிற்கும். தினமும் வைத்துப் பார்ப்பேன்... சும்மாதான்.

என்ன, பேனாவா? அது என்னிடமே இருக்கட்டும் தம்பி. மனு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.